வளையாத விரல்

விரல் வளையவில்லை.

வலது கை ஆள்காட்டி விரல். துப்பாக்கியின் விசை மேல் மரக்குச்சி மாதிரி விறைத்து நின்றது. வளை என்று உத்தரவு போட்டாள் இன்ஸ்பெக்டர். ஒரு ஸ்டேஷனே அவள் உத்தரவுக்கு அடங்கும். இந்த ஒரு விரல் மட்டும் அடங்கவில்லை.

பூட்டிய கடைகளுக்கு நடுவே குறுகலான சந்து. எதிரே அரிவாளோடு ஒருத்தன். அவனுக்கும் அவளுக்கும் இடையில் அவளுடைய ஏட்டு.

"மேடம்... சுடுங்க."

அவள் சுடவில்லை.

அரிவாள் இறங்கியது. ஏட்டின் இடது தோள் பிளந்து, ரத்தம் கடையின் இரும்புக் கதவில் தெறித்தது. மனிதர் சரிந்தபடியே கீழே கிடந்த செங்கல்லை எடுத்தார். அவன் முகத்தில் ஓங்கி அடித்தார். மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் கேட்கும் வரை அடித்தார். பிறகுதான் மயங்கினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் ஏட்டு சொன்ன முதல் விஷயம் இது.

"துப்பாக்கி சிக்கிக்கிச்சுன்னு மேலிடத்துல சொல்லிட்டேன் மேடம். பழியை அது மேல போட்டாச்சு. பாவம், அதுக்கு வாய் இல்ல."

"ஏட்டய்யா..."

"நன்றியெல்லாம் வேணாம். ஆனா அடுத்த தடவைக்குள்ள சரி பண்ணிக்குங்க. எனக்கு இன்னும் ஒரு தோள்தான் பாக்கி இருக்கு."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தடவை தோளோடு போகாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

விசித்திரம் என்னவென்றால், அந்த விரலில் எந்தக் குறையும் இல்லை. லிஃப்ட் பட்டனை அழுத்தும். ஊசியில் நூல் கோக்கும். பயிற்சி மைதானத்தில் பலகையைக் குறி வைத்தால் பட்பட்டென்று வளைந்து நடுப்புள்ளியைத் துளைக்கும். பலகை இருக்கும் இடத்தில் ஒரு மனிதன் நின்றால் மட்டும்... விறைத்துவிடும்!

நரம்பு டாக்டர் தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார்.

"கையில கோளாறு இல்லம்மா. கொஞ்சம் மேல" என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, இன்னொரு டாக்டரின் விலாசம் கொடுத்தார்.

அப்படித்தான் அவள் பேச்சு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தாள்.

ஊசி இல்லை, மாத்திரை இல்லை. இங்கே பேச்சுதான் வைத்தியம். அதுவும் டாக்டரின் பேச்சு இல்லை, வந்தவரின் பேச்சு. வாரம் ஒரு நாள் மதியம் வர வேண்டும், திவானில் படுக்க வேண்டும், மனதில் வருவதை வடிகட்டாமல் சொல்ல வேண்டும். டாக்டர் தலைமாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பார். அவர் முகம் தெரியாது.

அது ஏன் என்று முதல் நாளே கேட்டாள்.

"முகம் தெரிஞ்சா, அந்த முகத்துக்குப் பிடிச்ச மாதிரி பேசுவீங்க" என்றார் அந்தப் பெரியவர். "நான் சிரிச்சா இன்னும் சிரிக்க வைப்பீங்க. முகம் சுளிச்சா பேச்சை மாத்துவீங்க. எதிர்ல யாரும் இல்லேன்னாத்தான் உள்ள இருக்கிறது வெளிய வரும்."

மனம் ஒரு வேலை செய்கிறது. தாங்க முடியாத ஒன்று நடந்துவிட்டால் அதைக் கீழே தள்ளி மூடி வைக்கிறது. மூடியது மறந்துபோகும், ஆனால் சும்மா கிடக்காது. தலைவலியாக வரும், கெட்ட கனவாக வரும், சம்பந்தமே இல்லாத இடத்தில் ஒரு விரலாகக்கூட வந்து நிற்கும். பேசிப் பேசி மூடியைத் தேய்த்துக்கொண்டே வந்தால் ஒரு நாள் அது தானாகத் திறக்கும். இதுதான் மொத்த வைத்தியமும்.

அறையின் ஏற்பாடுகள் அவளுக்குப் பிடித்திருந்தன. டாக்டரின் நாற்காலிக் கைப்பிடியில் ஒரு ஸ்விட்ச். அதைத் தட்டினால் வெளியே காத்திருப்போர் அறையில் பச்சை விளக்கு எரியும். உள்ளே போகலாம் என்று பொருள். நுழையும் கதவு நாற்காலியின் முதுகுப் பக்கம் இருந்தது. அதனால் வருகிறவருக்கு உயரமான முதுகுச் சாய்வு மட்டும்தான் தெரியும். திரும்பிப் போக வேறு கதவு, திவானின் கால்மாட்டுக்கு நேர் எதிரே. உள்ளிருந்து மட்டும் திறக்கும், பின்படிக்குக் கொண்டுபோய் விடும். வந்தவர் போனவரைப் பார்க்க வேண்டியதில்லை. போகிறவர் டாக்டரைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

ஐம்பது நிமிடம் ஆனதும் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"நேரமாயிடுச்சு."

அழுதுகொண்டிருந்தாலும் அதேதான். ஒரு முறை அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஸ்டூலில் டிஷ்யூப் பெட்டி இருந்தது. மனிதர் அதை ஓர் அங்குலம்கூட நகர்த்தித் தரவில்லை. கல்நெஞ்சக்காரர் என்று ஏட்டிடம் திட்டித் தீர்த்தாள்.

"இதுக்குப் பேசாம எங்கிட்டயே புலம்பலாமே மேடம், நானும் கேட்டுட்டுச் சும்மாதானே இருப்பேன்" என்றார் ஏட்டு.

அந்த வாரம் அவள் வந்தபோது பச்சை விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

சீக்கிரமே கூப்பிடுகிறாரே என்று நினைத்தாள். செல்போனை அணைத்தாள். தண்ணீர் குடித்தாள். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். உள்ளே போனாள். நாற்காலியின் முதுகும் கைப்பிடியில் ஒரு முழங்கையும் தெரிந்தன. ஊரில் எல்லோரையும் துளைத்துப் பார்க்கும் கண்கள் அவளுடையவை. இந்த அறைக்குள் மட்டும் அவற்றுக்கு விடுமுறை கொடுத்திருந்தாள். நேராகப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"மறுபடியும் அந்தக் கனவு டாக்டர். கதவிடுக்கு வழியா பார்க்கிறேன்..."

"ம்ம்."

அன்றைக்கு மூடி திறந்தது.

இடுக்கு வழியே தெரிந்தது அம்மா. அம்மாவின் தலைமுடி அப்பாவின் கையில். அப்பா அந்தத் தலையைச் சுவரில் மோதினார். மறுபடியும் மோதினார். சுவரில் ரத்தம் கோடாக வழிந்தது. கதவுக்குப் பின்னால் பள்ளிச் சீருடையோடு அவள். ஓடிப் போய்த் தடுக்கும் தைரியம் இல்லை. வலது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலை அப்பாவின் முதுகுக்கு நேராகக் குறி வைத்தாள்.

"டமால்னு சொன்னேன் டாக்டர். மெதுவாத்தான் சொன்னேன்... அப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டார். அப்படியே விழுந்தார். எழுந்திருக்கவே இல்ல."

மாரடைப்பு என்றார்கள் எல்லோரும். அந்தச் சிறுமிக்கு மட்டும் உண்மை தெரியும். சுட்டது யார் என்று அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. விரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டாள். பிறகு அவளே மறந்துபோனாள். விரல் மறக்கவில்லை.

"அதனாலதான் ஆள் நின்னா வளைய மாட்டேங்குது. இல்ல டாக்டர்?"

"ம்ம்."

கூடவே கீழேயிருந்தும் ஒரு முனகல் கேட்டது போலிருந்தது. திவானின் ஸ்பிரிங் என்று நினைத்தாள். அழுகை வெடித்தது. அப்போது தோளுக்கு மேலாக ஒரு கை ஒரு டிஷ்யூவை நீட்டியது. முனை அழகாக முக்கோணமாக மடிக்கப்பட்ட டிஷ்யூ. கடைசியில் மனுஷனுக்கும் இரக்கம் வந்துவிட்டது என்று அந்த அழுகையிலும் நெகிழ்ந்துபோனாள். வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

அன்று அவர் நேரமாயிடுச்சு என்றும் சொல்லவில்லை. அவளாகத்தான் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி நேரம் முழுதாக ஓடியிருந்தது. வர்றேன் டாக்டர் என்றாள். இன்னொரு "ம்ம்" கேட்டது. ஷூவை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், பின்படி வழியே இறங்கிப் போனாள். உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் கால்போன போக்கில் நடந்த பிறகுதான் செல்போனை உயிர்ப்பித்தாள். மறு நொடி அது அலறியது.

ஏட்டுதான். "எங்க மேடம் இருக்கீங்க? ஒரு கொலை. பெரிய ஹோட்டலுக்கு எதிர்ல, ரெண்டாவது மாடி. பேச்சு டாக்டராம்..."

திரும்பி ஓடி வந்து முன்படியில் ஏறினாள்.

திவானின் விரிப்பைத் தூக்கியிருந்தார்கள். அதற்கடியில் டாக்டர் கிடந்தார். ஜன்னல் திரையின் நைலான் கயிறு கழுத்தில் புதைந்து, தோலைக் கிழித்திருந்தது. கண்கள் பிதுங்கியிருந்தன. இரண்டு நகங்கள் பெயர்ந்து, விரல் நுனிகள் ரத்தமாகக் கிடந்தன.

பிணத்தைக் கண்டுபிடித்தவர் அடுத்து வர வேண்டிய கணக்கு வாத்தியார். காத்திருப்போர் அறைக்கு வந்தாராம். பச்சை விளக்கு எரியவே உள்ளே போனாராம். நாற்காலி காலி. டாக்டர் வந்துவிடுவார் என்று திவானில் உட்கார்ந்தவரின் குதிகாலில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டதாம். குனிந்து பார்த்தால்... ஒரு கை!

வாத்தியாருக்குப் பல் தந்தியடித்தது. பெருக்கலையே மறந்தவர் மாதிரி விழித்தார்.

இன்ஸ்பெக்டர் ஏட்டை ஓரமாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். இங்கேதான் படுத்திருந்தேன். கிளம்பும்போது அவர் உயிரோடு இருந்தார். குரல் கேட்டேன்.

ஏட்டு கட்டுப் போட்ட தோளைத் தடவினார். "அப்போ நீங்க பின்படி வழியா போனதுக்கும் வாத்தியார் உள்ள வந்ததுக்கும் நடுவுல, ஒரு டீ குடிக்கிற நேரந்தான். பின்கதவு உள்ளேருந்து மட்டும் திறக்கும். முன்பக்கம் வாத்தியார் இருக்கார்..."

அவள் வாக்குமூலத்தை மேலதிகாரி கேட்டார். வாத்தியாரின் கையில் விலங்கு விழுந்தது.

டாக்டரின் சொந்தக்காரர்களையும் விசாரித்தார்கள். மகளும் மாப்பிள்ளையும்தான். மாப்பிள்ளை எதிர் ஹோட்டலில் வரவேற்பு மேனேஜர். அந்த டீ குடிக்கிற நேரத்தில் அவர் ஹோட்டல் வாசலில் நின்று, விருந்தாளிகளுக்குக் கதவு திறந்துகொண்டிருந்தார். கேமராவில் பளிச்சென்று பதிவாகியிருந்தது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிணத்தை அறுத்த டாக்டர் போன் செய்யும் வரைக்கும்.

"கழுத்தை இறுக்கினதும் உயிர் போயிடல. இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. அரை மணி நேரமாவது."

"அவ்வளவு நேரம் இல்லையே, சார்."

"உடம்பு சொல்றதை நான் சொல்றேன். பொய் சொல்றது உயிரோட இருக்கிறவங்கதான்."

பொய் சொன்னது யார்? வாத்தியாரா? அவளா? அன்று முழுக்க அவளால் விடை காண முடியவில்லை.

மறுநாள் காலை டாக்டரின் வீட்டுக்கு ஏட்டோடு போனாள்.

துக்கம் கேட்க வந்தவர்களை மாப்பிள்ளை ஒவ்வொருவராக உட்கார வைத்துக்கொண்டிருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. பதமான குரல். இவளுக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க மேடம். தண்ணி கொண்டு வரச் சொல்லட்டுமா?"

மகள் ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை பெட்டியிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவினார். பேசிக்கொண்டே, விரல்களைப் பார்க்காமலே, அதன் முனையை முக்கோணமாக மடித்து மனைவியிடம் நீட்டினார்.

மகள் கையை நீட்டி வாங்கினாள். புடவைத் தலைப்பு விலகியது. மணிக்கட்டைச் சுற்றி, ஐந்து விரல் பதிந்த நீலக் கன்றல்.

இன்ஸ்பெக்டரின் கண் அந்த முக்கோண முனையிலேயே நின்றது.

கல்நெஞ்சக்காரரே என்று ஒரு நாள் அவள் டாக்டரிடமே சண்டை போட்டிருந்தாள். அவர் பதில் இப்போது காதுக்குள் கேட்டது.

"டிஷ்யூவை நான் நீட்டினா, போதும் நிறுத்துன்னு சொன்ன மாதிரி ஆயிடும்மா. அழுகையும் பேச்சுதான். குறுக்க பேச மாட்டேன். யாருக்கும் நீட்டினதில்ல, நீட்டவும் மாட்டேன்."

நீட்டினதில்லை. நீட்டவும் மாட்டேன்.

அப்படியானால் நேற்று நீட்டிய கை...?

கடகடவென்று ஒவ்வொன்றாகப் பொருந்தியது. ஐம்பது நிமிடக் கணக்கு தெரியாதவன்தான் ஒரு மணி நேரம் பேச விடுவான். பச்சை விளக்கை யாரும் வேண்டுமென்று போடவில்லை. உயிருக்குப் போராடிய கை ஸ்விட்சில் பட்டிருக்கிறது. விளக்கு எரிகிறது, வெளியே ஆள் வந்துவிட்ட சத்தம் கேட்கிறது. பின்கதவால் ஓடினால், ரோட்டைக் கடப்பதற்குள் கூச்சல் கிளம்பிவிடும். அவள் ஷூவைக் கழற்றும் நேரத்தில் உடம்பைத் திவானுக்கு அடியில் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று புரிந்ததும் "ம்ம்" போட்டே சமாளித்தான். அவள் போன மறு நிமிடமே அதே பின்கதவு வழியாக இறங்கி, ரோட்டைக் கடந்து, ஹோட்டல் கேமராவுக்கு முன்னால் போய் நின்றான். மற்றபடி எல்லாவற்றையும் சரியாகச் செய்தவனை, அழுகிறவருக்கு டிஷ்யூ நீட்டும் தொழில் பழக்கம் ஒன்றுதான் காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்புறம்... அந்த ஸ்பிரிங்.

அது ஸ்பிரிங் இல்லை. அப்பாவைக் கொன்ற கதையை அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் முதுகுக்கு ஒரு சாண் கீழே அவர் செத்துக்கொண்டிருந்தார். கடைசி மூச்சிலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள். குரலில் எதையும் காட்டிக்கொள்ளாமல், டாக்டரின் படிப்பறையைப் பார்க்கலாமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டாள். தாராளமா மேடம் என்று அவர் முன்னால் நடந்தார். மகளையும் வரச் சொன்னாள். ஏட்டு கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்.

"உங்க ஹோட்டல்ல டிஷ்யூ முனையை யார் மடிப்பாங்க?"

"ரூம் பசங்க. எனக்கும் கை பழகிடுச்சு. ஏன் மேடம்?"

"நேத்து எனக்கு மடிச்சுக் கொடுத்தீங்களே, நல்லா இருந்துச்சு. அதான்."

புன்னகை அவர் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. கண் மட்டும் செத்துப்போனது.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள், எப்போதோ சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்கிறவள் மாதிரி.

"இவர் அடிக்கிறதை அப்பாகிட்ட சொன்னேன். இனிமே நீ அங்க இருக்க வேணாம், நான் அவர்கிட்ட பேசறேன்னார். நேத்து மதியம்தான் இவரை வரச் சொல்லியிருந்தார்..."

"வாயை மூடுடி."

மேசையிலிருந்த கண்ணாடிக் குடுவை சுவரில் உடைந்தது. அடுத்த கணம் மனைவியின் தலைமுடி அவன் இடது கையில். நீளமான கண்ணாடித் துண்டு வலது கையில். நுனி அவள் கழுத்தில் இறங்கியது. சிவப்பாக ஒரு கோடு ஓடி ஜாக்கெட்டை நனைத்தது.

தலைமுடியைப் பிடித்த கை. சுவர். ரத்தம்.

அதே கதவிடுக்கு. அதே சிறுமி.

துப்பாக்கியை உருவினாள்.

ஏட்டு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரே பார்வையில் நிலைமை புரிந்தது. அவர் பார்வை அவளுடைய விரலுக்குப் போனது. முகம் வெளுத்தது.

அவன் சிரித்தான். "பயப்படாதீங்க ஏட்டு. உங்க மேடம் சுட மாட்டாங்க. ஆள் நின்னா விரல் வளையாது. எங்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னாங்க. என்ன மேடம்... அப்பா முதுகுல டமால்னு சுட்ட பாப்பாதானே நீ?"



"ஏட்டய்யா, கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் அவள் நிதானமாக. "இந்த விஷயத்தை நான் வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கேன். அந்த நாற்காலியில இருந்தவங்ககிட்ட."

"கேட்டேன் மேடம். வாத்தியாரை விட்டுடலாம்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?" அவன் மனைவியை இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நகர்ந்தான். கண்ணாடி இன்னும் அழுத்தியது. மகள் அலறினாள். "வழி விடு. இல்லேன்னா இவளையும் அறுத்துட்டு—"

டமால்.

வலது முழங்கால் சிதறியது. முட்டிச் சில்லு பிளந்து, எலும்புத் துணுக்கும் ரத்தமும் புத்தக அலமாரியில் தெறித்தன. கண்ணாடி தெறித்து விழுந்தது. மகள் தரையில் உருண்டு விலகினாள். மிருகம் மாதிரி ஊளையிட்டபடி விழுந்தவன் கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டினான். அந்தக் கை மேல் ஏட்டு பூட்ஸ் காலை வைத்தார். முழு எடையையும் வைத்தார். விரல்கள் ஒவ்வொன்றாக முறிந்தன.

"இது என் தோளுக்கு இல்லடா. அந்தப் பெரியவருக்கு" என்றார்.

மகளின் கழுத்தில் துணியை அழுத்திப் பிடித்தாள் இன்ஸ்பெக்டர். மேலோட்டமான வெட்டுதான். பிழைத்துக்கொள்வாள். ஏட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அப்புறம்தான் அவள் தன் விரலைப் பார்த்தாள். மடக்கினாள். நீட்டினாள். மறுபடி மடக்கினாள்.

"வளையாதுன்னியே..." அவன் பற்களுக்கிடையில் முனகினான். "நீயே சொன்னியே..."

அவள் அவனருகில் குனிந்தாள். பேச்சு டாக்டர் விளக்குவது போலவே பொறுமையாக விளக்கினாள்.

"வளையாமத்தான் இருந்துச்சு, ஏன்னு தெரியாத வரைக்கும். எங்கப்பாவை என் விரல் கொல்லல. அவர் இதயம் நின்னுபோச்சு. இவ்வளவுதான் விஷயம். இதை முழுசா வாய்விட்டுச் சொன்னாத்தான் விரல் வளையும். அதுக்கு ஒருத்தர் குறுக்க பேசாம கடைசி வரைக்கும் கேட்கணும். நேத்து நீ கேட்டே."

மேசையிலிருந்த பெட்டியிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவி, மடிக்காமல், அவன் மேல் போட்டாள்.

"ஃபீஸை ஜெயிலுக்கே அனுப்பி வைக்கிறேன், டாக்டர்."